ஈரக்கல் சாமிக்குச் சாத்திய கவசம்

அல்லிமடுக் காட்டில் சில்லாயி என்றோர் அழுங்கு இருந்தாள். உடம்பு முழுக்க ஓடு வேய்ந்தது போலச் செதில். மண்ணைத் தோண்ட நீண்ட நகம். எறும்பைத் துழாவ அதைவிட நீண்ட நாக்கு. அந்த நாக்கு எறும்பு தின்றதை விடக் கேள்வி கேட்டதுதான் அதிகம் என்று காட்டில் கேலி செய்வார்கள். அவளும் அதைக் கேட்டு வெட்கப்பட மாட்டாள். "கேட்காம எப்படிங்க இருக்கிறது?" என்று திருப்பி ஒரு கேள்வியைப் போடுவாள்!

குன்றின் அடியில் அல்லிமடு. மடுவின் கரையில் ஒரு கருங்கல். கரடி எழுந்து நின்றால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரம். கொளுத்துகிற கோடையிலும் தொட்டால் ஜில்லென்று இருக்கும். மேல்மலையில் பெருமழை இறங்கப் போகிறது என்றால், அதற்கு முன்பே அந்தக் கல் வேர்த்துவிடும். முத்து முத்தாக நீர் அரும்பி வழியும். அதுதான் அந்தக் காட்டின் ஈரக்கல் சாமி.

மழை இறங்கினால் மடு பொங்கும். கரையில் வளை தோண்டிக் குடியிருப்பவர்கள் குன்றின் மேல் ஏறினால்தான் பிழைப்பார்கள். குன்றோ புள்ளிராயர் என்ற சிறுத்தையின் வீடு. அவருடைய முன்னோர்கள் ஈரக்கல்லின் மேல் பாதம் வைத்து ஒரு சத்தியம் செய்திருந்தார்கள். சாமி வேர்த்தது முதல் வெள்ளம் வடியும் வரை, குன்றில் ஏறி வரும் யாரையும் தொடுவதில்லை என்பது சத்தியம். எந்தச் சிறுத்தையும் அதை மீறியதில்லை. சாமி வேர்க்காத நாளில் ஏறிப் போன முயல் எதுவும் திரும்பி வந்ததுமில்லை.

இதில் அல்லிமடுக்காரர்களுக்கு ஏகப்பட்ட பெருமை. "வேற எந்தக் காட்டுலயாவது சிறுத்தை பக்கத்துல முயல் படுத்துத் தூங்குமா? எங்க காட்டுல தூங்கும்!" என்று வந்து போகிற பறவைகளிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார்கள். பூரிக்கட்டும். பெருமைப்படத் தக்க விஷயம்தானே!

சாமிக்குப் பூசாரி தேனப்பன் என்ற கரடி. காலையில் மடுவில் முங்கி எழுந்து, இலுப்பைப் பூ கொண்டுவந்து கல்லின் மேல் தூவுவான். சில்லாயியும் வாலில் குட்டியைத் தொற்றவைத்துக்கொண்டு வந்து கும்பிடுவாள். கும்பிட்டு முடித்ததும் ஆரம்பித்துவிடுவாள்.

"தேனப்பண்ணே, சாமி ஏன் வேர்க்குது?"

"நம்ம மேல இரக்கம். அதான் வேர்க்குது."

"அது சரி அண்ணே. எப்படி வேர்க்குது?"

"எப்படின்னா? கும்பிட்ட வாயால இப்படிக் கேட்கலாமா?"

"கும்பிட்டுட்டுத்தானே கேட்கிறேன்!"

தேனப்பனுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதபோது எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். உறுமினான்.

சில்லாயி அத்தோடு விட்டுவிடுகிறவள் இல்லை. தன் வளையின் அடி ஆழத்திலிருந்து ஓர் உருண்டைக் கல்லைத் தோண்டி எடுத்தாள். அதுவும் ஜில்லென்று இருந்தது. அதை வளை வாசலில் வைத்துப் பார்த்தாள். வறண்ட காற்று அடித்த நாளில் கல் சும்மா கிடந்தது. ஈரக்காற்று அடித்த நாளில் அதுவும் வேர்த்தது! அதே கல்லை வெயிலில் சுடவைத்து அதே காற்றில் வைத்தாள். வேர்க்கவில்லை. மறுபடி ஆழத்தில் புதைத்துக் குளிரவைத்து எடுத்தாள். வேர்த்தது!

சில்லாயிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. குட்டி வாலில் ஊஞ்சலாட, ஈரக்கல்லின் முன்னால் ஓடி வந்து விழுந்து கும்பிட்டாள்.

"கண்டுபிடிச்சுட்டேன்! சாமி எப்படிப் பேசுறார்னு கண்டுபிடிச்சுட்டேன்! மழைக்கு முன்னால ஈரக்காத்து வருது. அது குளிர்ந்த கல்லைத் தொட்டதும் தண்ணியா மாறுது. அதுதான் வேர்வை!"

மருத மரத்தின் உச்சியில் வெட்டுவாலன் என்ற கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தான். பருந்தையே துரத்திக் கொத்துகிறவன். காட்டில் யாரைப் பற்றியும் எதைப் பற்றியும் அவனுக்குப் பயம் கிடையாது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்படிச் சொல்லு! காத்துதான் வேர்க்கவைக்குது. அப்போ சாமியும் இல்லை, பூதமும் இல்லை. வெறும் கல்லு! இத்தனை நாள் ஒரு பாறைக்குப் பூப் போட்டிருக்கீங்க!"

தேனப்பனின் ரோமமெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. அவனுக்குக் குருவி மேல் வந்த கோபத்தை விட அழுங்கின் மேல் வந்த கோபம்தான் அதிகம்.

"பார்த்தியாடி, நீ தோண்டினது எங்க கொண்டுவந்து விட்டிருக்குன்னு! சாமி இல்லைன்னு சொல்லவெச்சுட்டியே!"

"நான் எப்போ இல்லைன்னு சொன்னேன்?" என்றாள் சில்லாயி. "அவர் எப்படிப் பேசுறார்னுதான் சொன்னேன். பேசவே இல்லைன்னு சொல்லலையே!"

"ரெண்டுல ஒண்ணைச் சொல்லு! காத்தா, சாமியா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அதுவரை எதிலும் ஒத்துப்போகாத இருவரும் அதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

"நான் ஏன் ஒண்ணைச் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டு, சில்லாயி குட்டியோடு எறும்பு தேடப் போனாள்.

வெட்டுவாலன் சொன்ன 'வெறும் கல்லு' தேனப்பனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. வெறும் கல்லா? எங்கள் சாமியா? இரு, காட்டுகிறேன்! அவன் காடெல்லாம் அலைந்தான். உதிர்ந்த தேன்தட்டுகளைச் சுமந்து வந்தான். காய்ந்த தர்ப்பையும் பாசியும் சேர்த்துச் சாமிக்கு ஒரு கவசம் செய்தான். அடியிலிருந்து உச்சி வரை, ஒரு விரல் வைக்க இடமில்லாமல், கனமாகச் சாத்தினான். வெயில் பட்டதும் ஈரக்கல் சாமி பொன்னாக ஜொலித்தார்!

காடே திரண்டு வந்து பார்த்தது. மான்கள் கண் கொட்டவில்லை. முயல்கள் காதைத் தூக்கிக்கொண்டு துள்ளின. "இப்படி ஒரு கவசம் எந்தக் காட்டுச் சாமிக்கு இருக்கு!" என்று கௌதாரிகள் கூவின. தேனப்பனின் மார்பு விம்மியது. அவனைக் குறை சொல்லாதீர்கள். அந்தத் தேனில் ஒரு சொட்டைக்கூட அவன் நக்கவில்லை. கரடிக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று கரடிக்குத்தான் தெரியும்.

சில்லாயியும் வந்தாள். அழகைப் பார்த்து அவளுக்கும் கண் கலங்கியது. கும்பிட்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அண்ணே, ரொம்ப அழகா இருக்கு. ஆனா இவ்வளவு கனமா மூடிட்டா, ஈரக்காத்து கல்லை எப்படித் தொடும்?"

"தொடாட்டி என்ன? சாமி வேர்க்கணும்னு நினைச்சா கவசத்துக்கு மேலயே வேர்ப்பார்! சாமியால முடியாதது உண்டா?"

கூட்டம் ஆரவாரம் செய்தது. சாமியால் முடியாது என்று சில்லாயி எப்படிச் சொல்வாள்?

"கேட்டுக்கோங்க!" என்று தேனப்பன் எல்லாருக்கும் கேட்கும்படி முழங்கினான். "கவசத்துல எவன் நகம் படுதோ, அவனுக்கு இந்தக் காட்டுல இடமில்லை! குட்டியோட துரத்துவேன்!"

கோடை முடிந்தது. ஒரு நாள் உச்சிப்பொழுதில் சில்லாயி வளையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆழத்திலிருந்து எடுத்து வாசலில் வைத்திருந்த உருண்டைக் கல்லிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. இதற்கு முன் அது இப்படிச் சொட்டியதே இல்லை. குட்டியை வாலில் தொற்றவைத்துக்கொண்டு ஈரக்கல்லிடம் ஓடினாள்.

அங்கே கரைவாசிகள் எல்லாரும் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் காற்றில் ஈரம் தெரிந்திருந்தது. ஆனால் முகத்தில் கவலை இல்லை. பொற்கவசம் சருகுபோல உலர்ந்திருந்தது.

"சாமி வேர்க்கலை! மழை கிடையாது! போய் நிம்மதியாப் படுங்க!" என்றான் தேனப்பன்.

"மழை இருக்கு!" என்று மேலேயிருந்து ஒரு குரல். வெட்டுவாலன் மூச்சிரைக்க வந்து இறங்கினான். "மேல்மலை முழுக்கக் கருமேகம்! ஓடை நிரம்பி வருது! என் கண்ணால பார்த்தேன். ஏறுங்க குன்றுக்கு!"

"ஏறுறதா? புள்ளிராயர்?" என்று நடுங்கினாள் ஒரு தாய் முயல். அவள் காலடியில் கிடந்த குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை.

"அவர்கிட்ட நான் பேசுறேன்!" என்று வெட்டுவாலன் குன்றுக்குப் பறந்தான்.

போன வேகத்தில் திரும்பி வந்தான். அவன் வால் தொங்கிப்போயிருந்தது. காற்று, ஈரம், மேகம் என்று எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னானாம். புள்ளிராயர் கொட்டாவி விட்டுவிட்டுக் கேட்டாராம்: "காத்து ஈரமா இருந்தா எனக்கென்ன? நான் காத்துக்கிட்டயா வாக்குக் கொடுத்தேன்? சாமிகிட்டக் கொடுத்தேன். சாமி வேர்க்கட்டும், என் வாயைக் கட்டிக்கிறேன். அதுவரைக்கும் என் குன்றுல கால் வைக்கிறது எதுவா இருந்தாலும் அது என் சாப்பாடு!"

வெட்டுவாலனுக்கு இறகு இருக்கிறது. பறந்துபோய் எங்கேயாவது பிழைத்துக்கொள்வான். ஆனாலும் கண் திறக்காத அந்த முயல்குட்டிகளை விட்டுப் பறக்க அவனுக்கு மனம் வரவில்லை. "காரணத்தையெல்லாம் சரியாத்தான் சொன்னேன். சிறுத்தையோட பல்லைக் காரணம் கட்டாது போலிருக்கு" என்றான்.

சில்லாயி தன் குட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. செதில் இன்னும் இறுகவில்லை. கீழே இருந்தால் வெள்ளம். மேலே போனால் சிறுத்தை. கவசத்தில் கை வைத்தால் காடே இல்லை.

"வெட்டுவாலா!" என்றாள். "நீ போய்ப் புள்ளிராயரை இங்க கூட்டிக்கிட்டு வா."

"நான் கூப்பிட்டா வருவாரா?"

"ஒரு அழுங்கு அவரோட சத்தியக்கல்லுல நகம் வைக்குதுன்னு சொல்லு. ஓடியே வருவார்!"

வெட்டுவாலன் மறுபடி குன்றுக்குப் பறந்தான்.

சில்லாயி கவசத்தின் பக்கம் திரும்பினாள். தேனப்பன் இரண்டு கால்களில் எழுந்து நின்று வழிமறித்தான்.

"தொடாதே!"

"விலகுங்க அண்ணே."

அவன் ஓங்கி ஓர் அறை விட்டான். சில்லாயி குட்டியை வயிற்றோடு அணைத்துச் சுருண்டு பந்தாகிவிட்டாள். பந்து உருண்டு மடுவின் ஓரத்தில் போய் நின்றது. விரிந்தது. திரும்பி நடந்து வந்தது. தேனப்பன் மறுபடி அறைந்தான். மறுபடி உருண்டாள். மறுபடி வந்தாள். அவன் கை வலிக்க ஆரம்பித்தது. அவள் செதிலில் ஒரு கீறல்கூட இல்லை.

"சாமியால முடியாதது உண்டான்னு அன்னைக்குக் கேட்டீங்களே அண்ணே," என்றாள் சில்லாயி. "முடியும். எல்லாம் முடியும். ஆனா எந்த வழியா வந்து சொல்லுவேன்னு அவரே நமக்குக் காட்டி வெச்சிருக்கார். அந்த வழியை அடைச்சுட்டு, வேற வழியா வாங்க சாமின்னு அவருக்கே உத்தரவு போட நாம யாரு?"

தேனப்பனின் ஓங்கிய கை அப்படியே நின்றது. உத்தரவா? சாமிக்கு நானா? அந்தத் தயக்கம் போதும் சில்லாயிக்கு! அவனுடைய கால்களுக்கு நடுவே புகுந்தாள். நீண்ட நகத்தைக் கவசத்தில் பாய்ச்சி இழுத்தாள். தேன்தட்டும் புல்லும் பாசியும் பெயர்ந்து விழுந்தன. உள்ளே கன்னங்கரேலென்று ஈரக்கல் தெரிந்தது.

ஆனால் கல் உலர்ந்திருந்தது!

அந்த நேரம் பார்த்துப் புதரைக் கிழித்துக்கொண்டு புள்ளிராயர் வந்து குதித்தார். கரைவாசிகள் அலறிச் சிதறினார்கள்.

"என் சாமி மேல நகம் வெச்சது யாரு?"

"நான்தான் ஐயா!" என்றாள் சில்லாயி. ஓடவில்லை. சுருளவும் இல்லை. "கொஞ்சம் பொறுங்க. காத்து இப்பதான் கல்லைத் தொடுது. சாமி வேர்க்காட்டி என்னை எடுத்துக்கோங்க."

புள்ளிராயர் உட்கார்ந்தார். வால்நுனி மட்டும் ஆடியது. சில்லாயி கல்லின் முன்னால் கண்ணை மூடினாள். அவள் கண்டுபிடித்தது சரி என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ தடவை பார்த்தவள். இருந்தாலும் அவள் உதடு முணுமுணுத்தது: "சாமி, நான் புரிஞ்சுக்கிட்டதுல பிசகு இருந்தா அது என்னோட போகட்டும். குட்டியைக் காப்பாத்து."

காற்று வீசியது.

கல்லின் மேல் ஒரு பொட்டு நீர் அரும்பியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு முத்து முத்தாக எங்கும் பூத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கல்லின் மேல் கோடிழுத்து வழிந்தது!

"சாமி வேர்த்துட்டார்!" என்று கத்தினாள் தாய் முயல்.

"சாமி பேசாம இல்லை," என்றாள் சில்லாயி. "நாமதான் அவர் வாயை மூடி வெச்சிருந்தோம்!"

புள்ளிராயர் தலையை மண்ணில் படும்படி தாழ்த்தினார். எழுந்து, வழியை விட்டு ஒதுங்கி நின்றார். "ஏறுங்க எல்லாரும்! குட்டி வெச்சிருக்கிறவங்க முன்னால போங்க. வாக்குன்னா வாக்கு!" என்றார். தாய் முயலின் இரண்டு குட்டிகளைத் தாமே வாயில் கவ்வித் தூக்கிக்கொண்டார். ஒரு பல்கூடப் படாமல் குன்றின் மேல் கொண்டுபோய்ச் சேர்த்தார். இப்படி ஒரு சிறுத்தை எந்தக் காட்டில் இருக்கிறார், சொல்லுங்கள் பார்ப்போம்!

தேனப்பன் கடைசியாகத்தான் ஏறினான். மிச்சமிருந்த கவசத்தையும் தன் கையாலேயே பிய்த்துப் போட்டுவிட்டு, சாமியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினான். அவன் குன்றின் பாதிக்கு வந்தபோது மடு பொங்கிவிட்டது. சில்லாயியின் வளை, முயலின் வளை, கரையிலிருந்த புதர்கள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. ஈரக்கல் சாமியின் உச்சி மட்டும் வெளியே தெரிந்தது. ஓர் உயிர் போகவில்லை!

மேலே எல்லாரும் ஒரே பாறையடியில் ஒதுங்கியிருந்தார்கள். சிறுத்தையின் முதுகில் சாய்ந்துகொண்டு மான்குட்டி தூங்கியது. வெட்டுவாலன் சில்லாயியின் அருகில் வந்து உட்கார்ந்தான்.

"ஒண்ணு கேட்கிறேன். வேர்க்கிறது எப்படின்னு காட்டுலயே உனக்குத்தான் நல்லாத் தெரியும். அப்புறமும் கண்ணை மூடிக் கும்பிட்டியே, எதுக்கு?"

"எப்படின்னு தெரிஞ்சதுனால கும்பிடு குறைஞ்சுடுமா? எனக்குக் கூடித்தான் போச்சு" என்றாள் சில்லாயி. "குளிர்ந்த கல்லு, ஈரக்காத்து, வெள்ளம் வர்றதுக்கு முன்னாலயே வர்ற சேதி. எவ்வளவு ஒழுங்கு பாரு! அதை ஒவ்வொண்ணாத் தெரிஞ்சுக்கிறப்பல்லாம் எனக்குக் கை தானாக் கூம்புது."

"எனக்குக் கூம்பலையே!"

"கூம்பாட்டிப் போகட்டும். முயல்குட்டிகளுக்காகச் சிறுத்தைகிட்டப் போனியே, அது போதும் எனக்கு."

வெட்டுவாலன் வெட்கப்பட்டு இறகைக் கோதிக்கொண்டான். அப்போது தேனப்பன் தொண்டையைக் கனைத்தான். வெகுநேரமாக மேல்மலையையே பார்த்துக்கொண்டிருந்தவன் அவன்.

"சில்லாயி... எனக்கு ஒரு சந்தேகம்."

பூசாரிக்குச் சந்தேகமா! எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த ஈரக்காத்து வருதே, அது எங்கேயிருந்து கிளம்பி வருது?"

சில்லாயி வாய்விட்டுச் சிரித்தாள். அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு! "தெரியலையே அண்ணே! நானும் அதைத்தான் யோசிக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

"நான் போறேன்!" என்று வெட்டுவாலன் சிறகை விரித்தான். "மழை விட்டதும் காத்து வந்த திசையிலயே பறந்து பார்த்துட்டு வரேன்!"

"இரு, இரு!" என்று தேனப்பன் எழுந்தான். "சாமியைக் கும்பிட்டுட்டுப் போ."

"கும்பிட மாட்டேன்!"

தேனப்பன் உறுமப் போகிறான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவன் உறுமவில்லை. தண்ணீருக்கு மேல் தெரிந்த கல்லின் உச்சியை நோக்கித் தன் இரண்டு பெரிய கைகளையும் கூப்பினான்.

"சரி. உனக்காகவும் சேர்த்து நான் கும்பிட்டுக்கிறேன். நீ போய் நல்லாப் பார்த்துட்டு வந்து சொல்லு!"

கடவுளை நம்புகிறவன் கேள்வி கேட்க அஞ்ச வேண்டியதில்லை. கேள்வி கேட்டு அறிந்தவன் கைகூப்ப வெட்கப்பட வேண்டியதுமில்லை.